வேரா சாஸ்லாவ்ஸ்கா என்னும் செக் நங்கை

உடலை வசப்படுத்தி ஆளும் கலைகளுள், ஜிம்னாஸ்டிக்ஸ் என்று மேனாட்டார் வழங்குவது மிக நுட்பமானதொன்றாகும். ஓட்டப் பந்தயத்தில் முந்தியவர் வென்றார். மற்போரில் வீழ்த்தியவர் வென்றார். இக்கலையிலோ எதிரியும் இல்லை, எல்லைக் கோடும் இல்லை. நடுவர் சிலர் அமர்ந்து, கால்விரல் நீண்டிருந்ததா, முழங்கால் மடங்கிற்றா, இறங்கிய பாதம் அசைந்ததா என நோக்கி மதிப்பெண் இடுகின்றனர். பெண்டிர்க்குரிய பகுதிகள் நான்கு: தாண்டுமேசையைத் தாண்டுதல், ஏற்றத்தாழ்வான இரு கம்பிகளில் ஊசலாடுதல், உத்தரத்தின்மேல் ஆடுதல், இசைக்கேற்பத் தரையில் ஆடுதல் என்பன. இவற்றுள் உத்தரமே எனக்குப் பெருவியப்பைத் தருவது. அதன் நீளம் 5 மீட்டர்; அகலமோ 10 சென்டிமீட்டரே. நம் உள்ளங்கையினும் சற்றே அகன்ற அம்மரத்தின்மேல் நிற்பதே அரிது; அங்கே துள்ளியும் சுழன்றும் ஆடவேண்டும்.

இக்கலையில் ஒலிம்பிக் விழாக்களில் 7 தங்கப் பதக்கங்களும் 4 வெள்ளிப் பதக்கங்களும் பெற்றவர் வேரா சாஸ்லாவ்ஸ்கா. செக்கோஸ்லொவாக்கியாவின் தலைநகராயிருந்த பிராகா நகரில் 1942-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் பிறந்தவர். இளமையில் அவர் பயின்றது பனித்தரையிற் சறுக்கி ஆடும் ஆட்டமே. பின்னரே ஜிம்னாஸ்டிக்ஸ் பக்கம் திரும்பினார். 1960-இல் ரோமாபுரி விழாவில், பதினெட்டு வயதில், தம் நாட்டுக் குழுவினருடன் வெள்ளி பெற்றார். 1962-இல் தாம் பிறந்த நகரிலேயே நடந்த உலகப் போட்டியில், சோவியத் நாட்டு லரீசா லத்தீனினாவுக்கு அடுத்த நிலையையே எய்தினார். இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. 1964-இல் டோக்கியோவில் லத்தீனினாவை வென்று, ஒட்டுமொத்த ஆட்டத்திலும், தாண்டுதலிலும், உத்தரத்திலும் தங்கம் கொண்டார். 1966-இல் டார்ட்முண்ட் நகரில், மயிரிழை வேறுபாட்டில் சோவியத் குழுவைச் செக்கோஸ்லொவாக்கியர் வென்றபோது அக்குழுவின் தலைமணியும் இவரே. 1965, 1967 ஆகிய ஈராண்டுகளிலும் ஐரோப்பியப் போட்டியின் ஐந்து தங்கங்களையும் ஒருவரே வாரிக்கொண்டார் எனின் வேறு கூறல் வேண்டா.

இனி 1968-க்கு வருவோம். அவ்வாண்டின் தொடக்கத்தில் அலெக்ஸாந்தர் துப்செக் என்பார் நாட்டின் ஆளுங்கட்சித் தலைமை ஏற்றுப் பேச்சுரிமை முதலியவற்றைத் தளர்த்தினார். ஜூன் மாதத்தில் லுத்விக் வாத்சுலிக் என்னும் எழுத்தாளர் வரைந்த "ஈராயிரம் சொற்கள்" என்ற அறிக்கை, அம்மாற்றம் தளராது நடைபெறவேண்டுமென வற்புறுத்தி வெளிவந்தது. அதிற் கையொப்பமிட்டோருள் வேராவும் ஒருவர். நெடுந்தூர ஓட்டத்திற் பேர்போன எமில் சாத்தோபெக்கும் ஒருவர். ஆகஸ்ட் 20-ஆம் நாள் இரவு சோவியத் நாடும் அதன் தோழமை நாடுகளும் படைகொண்டு புகுந்தன. கையொப்பமிட்டவர் சிறைப்படலாம் என்ற அச்சத்தால், வேரா மொராவியாவின் மலைப்பகுதியில் மறைந்துறைந்தார்.

ஒலிம்பிக் விழாவுக்கோ இரண்டு திங்களும் இல்லை. எதிரணியினர் மெக்ஸிக்கோவின் காற்றுக்கும் உயரத்துக்கும் உடலைப் பழக்கிக்கொண்டிருக்க, இவர் மரக்கிளையைக் கம்பியாகக் கொண்டு ஊசலாடினார். உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கி வலி பெருக்கினார். உள்ளங்கை காய்த்துப்போகாமற் குன்றிவிடுமே என்று நிலக்கரியை வாரி இறைத்தார். புல்வெளியே ஆடரங்காயிற்று. படிக்கும்போது கதைபோலத் தோன்றும் இதனை அவரே பிற்காலத்திற் சொல்லியிருக்கின்றார்.

இறுதியில் அரசினர் விடை தரவே மெக்ஸிக்கோ சென்றார். ஒட்டுமொத்த ஆட்டம், தாண்டுதல், கம்பி, தரையாட்டம் ஆகிய நான்கிலும் தங்கம். தரையாட்டத்துக்கு அந்நாட்டு மக்கள் தம்முடையதெனப் போற்றும் ஹராபே தபாத்தியோ என்னும் ஆடலிசையைத் தேர்ந்தமையால் அரங்கமே அவர் வயமாயிற்று. ஆயினும் தரையாட்டத்தின் முதலிடத்தைச் சோவியத் நங்கை லரீசா பெத்ரிக்குடன் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. உத்தரத்தில் நத்தாலியா குச்சின்ஸ்கயா முதல்வர், வேரா இரண்டாமவர். இவ்விரு பரிசளிப்பிலும் சோவியத் கீதம் ஒலித்தபொழுது, வேரா மேடையை விட்டு இறங்கவில்லை, கூவவில்லை, தலையை மட்டும் வலப்புறம் திருப்பித் தாழ்த்திக்கொண்டார்.

விளையாட்டில் அரசியலைக் கலக்கலாமா என்று இதனைக் குறை கூறுவார் உளர். யான் அவரோடு உடன்படேன். அரசியலைக் கொணர்ந்தவை பிராகாவின் தெருக்களில் நின்ற பீரங்கி வண்டிகள், இந்நங்கை அல்லர். மேலும், கழுத்தின் ஒரு சாய்வுக்கும் மதிப்பெண் குறையும் கலை இது. அக்கலையை வாழ்நாளெல்லாம் பயின்றவர், கழுத்தைச் சாய்த்தே தம் கருத்தை உரைத்தார். கண்டோர் எவர்க்கும் அதன் பொருள் விளங்காமற் போகவில்லை.

போட்டி முடிந்ததும் அந்நகரிலேயே, டோக்கியோவில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி பெற்ற யோசெப் ஒத்லோஷிலை மணந்தார். நாடு திரும்பித் தம் நான்கு தங்கங்களையும் துப்செக் முதலிய நான்கு தலைவர்க்கு ஈந்தார். அத்தலைவர்களுட் பெரும்பாலோர் விரைவில் அதிகாரம் இழந்தனர். வேராவுக்கும் கதவுகள் அடைபட்டன. பயிற்சி அளிக்கும் வேலை மறுக்கப்பட்டது. வெளிநாடு செல்லவும் தடை. கையொப்பத்தைத் திரும்பப் பெற்றால் யாவும் சீராகும் என்றனர். அவர் இசையவில்லை, பிறர் இல்லங்களைத் துப்புரவு செய்து பொருளீட்டினார். உலகம் முழுதும் பெயர் அறியப்பட்ட ஒருவர் விளக்குமாறு ஏந்தினார் என்பதை நினைக்குந்தோறும், பரீட்சையில் ஓர் எண் குறைந்ததற்கு மனம் சோரும் எம்மனோர் நாணவேண்டியதே. ஆண்டுகள் பல கழிந்தபின் தடை சற்றுத் தளர, 1979 முதல் இரண்டாண்டு மெக்ஸிக்கோவில் இளைஞர்க்குப் பயிற்சி அளித்தார்.

1989-இல் ஆட்சி மாறியது. குடியரசுத் தலைவரான வாத்ஸ்லாவ் ஹாவெல் அவரைத் தம் ஆலோசகராக்கிக்கொண்டார். 1990-இல் நாட்டின் ஒலிம்பிக் குழுவுக்குத் தலைவரானார். 1995 முதல் 2001 வரை அனைத்துலகக் குழுவிலும் உறுப்பினராயிருந்தார். 2016-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் நாள், தாம் பிறந்த பிராகாவிலேயே, எழுபத்து நான்காம் வயதிற் காலமானார்.