கடல் அலைகளுக்கும் ஒரு கணக்கேடு

பால்மரம் வெட்டித் திரும்புவோர் கொண்டுவரும் பாலை நிறுத்து, ஏட்டில் பதிவு செய்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். பல தோட்டங்களில் மழைமானியும் உண்டு. ஒரு நாளின் மழையளவு அதிகம் ஒன்றும் உணர்த்தாது. ஆனால், முப்பது ஆண்டுகளின் அளவு ஒரே ஏட்டில் இருப்பின், எந்த மாதத்தில் எத்தனை நாள் வேலை தடைபடலாம் என்பதை அது காட்டிவிடும். கடல் அலைகளுக்கும் இத்தகைய பொதுக் கணக்கேடு தேவையாகும்.

அலையை அளக்கும் முறை

கடலில் நங்கூரமிட்டு நிறுத்தப்படும் மிதவையே அலையை அளக்கப் பெரிதும் பயன்படுகிறது. அலையோடு அது ஏறி இறங்கும்போது, அதனுள் இருக்கும் கருவி அவ்வசைவை உணர்கிறது. அதிலிருந்து அலையின் உயரமும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நேரமும் கணக்கிடப்படுகின்றன.

அலைகள் யாவும் ஒரே உயரமுடையன அல்ல. ஆகவே, குறித்த நேரத்தில் எழுந்த அலைகளுள் மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைக் குறிப்பிடுவர். அது 3 மீட்டர் எனில், ஏறக்குறைய 6 மீட்டர் உயரமுள்ள தனி அலையும் இடையே எழக்கூடும். படகில் செல்வோர் இதனை மறத்தலாகாது.

தனித்தனி ஏடுகளின் குறை

துறைமுகத்தார், பொறியாளர், வானிலைத் துறையினர், ஆய்வாளர் எனப் பலரும் அலையை அளக்கின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் முறையில் அளந்து, தத்தம் பெட்டியில் பூட்டி வைத்தால் நாட்டுக்குப் பயனில்லை. கருவியை மாற்றிய நாளைக் குறித்து வைக்காவிடில் மற்றுமொரு தீங்கு நேரும். வடகிழக்குப் பசிபிக் கடலின் பழைய மிதவைப் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. அலைகள் உயர்ந்துவிட்டதாகத் தோன்றியதில் ஒரு பகுதி, கருவிகளும் கணக்கிடும் முறைகளும் மாறியதன் விளைவே என அது கண்டறிந்தது. தராசை மாற்றியதைக் கூறாமல், பால் கூடிவிட்டது என்று மகிழ்வதைப் போன்றதே இது!

பொது ஏடு உருவான விதம்

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வுக் கழகம் 1975இல் கரையோர அலைகளை அளக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் அளவுகள் வானிலைத் துறைக்கும் பொதுமக்களுக்கும் கிடைக்கின்றன. 2009இல் அந்நாடு, பல துறைகளின் அலை அளவீடுகளை ஒருங்கிணைக்கும் தேசியத் திட்டமொன்றை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவிலும் மாநிலங்கள் தனித்தனியே நடத்தும் மிதவைகளின் அளவுகள் பொதுவான கடல் தகவல் களஞ்சியத்தில் சேர்க்கப்படுகின்றன.

நமக்கு இதனால் என்ன?

நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிளந்தான், திரெங்கானு, பகாங் கடற்பகுதிகள் கொந்தளிப்பதை நாம் அறிவோம். அப்போது வானிலைத் துறை விடுக்கும் எச்சரிக்கை, படகைக் கரையிலேயே நிறுத்தி உயிரைக் காக்கிறது. அவ்வெச்சரிக்கை செம்மையுற அமைய, கடலில் எடுக்கப்படும் அளவுகள் துணை நிற்கின்றன. அலைத்தடுப்புச் சுவரை எவ்வளவு உயரமாகக் கட்டுவது என்பதையும் நெடுங்காலப் பதிவே தீர்மானிக்க உதவும்.

ஒரே முறையில் அளத்தல், மாற்றங்களை மறைக்காது குறித்தல், யாவரும் காணத் திறந்து வைத்தல் ஆகிய மூன்றுமே நல்ல கணக்கேட்டின் இலக்கணமாகும். தோட்டத்து மழைமானிக்கும் இவை பொருந்தும். இன்று நாம் ஒழுங்காக எழுதி வைக்கும் அளவு, நாளை நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டும்.