யார் எவ்வளவு மாற்றினார்? கிட் போடும் கணக்கு

ஆரணியில் பட்டுத் தறி வைத்திருக்கும் ஒருவர், கூலிக் கணக்குப் புரோகிராமையும் ஜக்கார்டு டிசைன் பைல்களையும் ஒரே போல்டரில் வைத்திருப்பதாகக் கொள்வோம். இருவர் அதில் வேலை செய்கிறார்கள். யார் எதை மாற்றினார் என்று குறித்து வைக்க, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய இலவச மென்பொருளான கிட் போதும்.

இருவரும் தங்கள் மாற்றங்களைக் கிட்டில் பதிந்து வந்திருந்தால், கமாண்ட் பிராம்ப்டில் அந்தப் போல்டருக்குச் சென்று கிட் ஷார்ட்லாக் என்று சிறிய எழுத்துகளில் டைப் செய்யுங்கள். இடைவெளி விட்டு ஹைபன் எஸ்என் சேர்த்து எண்டர் தட்டுங்கள். யார் எத்தனை முறை பதிந்தார் என்ற பட்டியல் வரும். ஒருவரே இரு பெயர்களில் பதிந்திருந்தால் இரண்டு ஆளாகத் தெரிவார், கவனம்.

வரிக்கணக்கு வேண்டுமா? கிட் லாக், இடைவெளி, இரண்டு ஹைபன், ஒட்டியபடி நம்ஸ்டாட். (வெளியே வர க்யூ கீயைத் தட்டவும்.) ஒவ்வொரு பைலுக்கும் முதல் எண் சேர்த்த வரிகள், அடுத்தது நீக்கியவை. ஒரு வரியில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் இரண்டிலும் ஒன்று கூடும். பிஎம்பி டிசைன் பைல்களுக்கோ எண்ணே வராது, வெறும் கோடுதான். மூன்று நாள் உட்கார்ந்து பார்டர் வரைந்தவர் கணக்கில் ஒன்றுமில்லை! புடவைக்கு இவ்வளவு என்று கூலி தருவதுபோல், வரிகளை எண்ணிச் சம்பளம் போட்டுவிடாதீர்கள். ஷார்ட்லாக் கட்டளையின் கடைசியில் இரண்டு ஹைபன், இடைவெளி, டிசைன் போல்டரின் பெயர் கொடுங்கள். அவர் எத்தனை முறை பதிந்தார் என்பதாவது தெரியும்.