ஏப்ரலிலேயே சாம்பியனை அறிவிக்கும் பிள்ளைகளுக்கு

அமெரிக்காவில் பேஸ்பால் சீசன் மார்ச் கடைசியில் தொடங்கும். பத்து நாள் போவதற்குள் எந்த அணி பிளே ஆஃப் போகும், எது தேறாது என்று வாதம் சூடு பிடித்துவிடும். இந்த வாதங்கள் என்றால் எனக்கு உயிர். முப்பது அணிகளின் ரசிகர்களும் தலை நிமிர்ந்து பேசக்கூடிய காலம் அது ஒன்றுதான். புதிதாக இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கி, பேச்சில் கலந்துகொள்ள ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு, நெடுநாள் பார்த்து வருகிறவன் என்ற உரிமையில் சில விஷயங்கள் சொல்கிறேன்.

1. 162 என்ற எண்ணை மறக்காதீர்கள்.

உங்களில் பலர் ஐ.பி.எல். பார்த்துப் பழகிய கண்ணோடு வருகிறீர்கள். அங்கே லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டம். மூன்று தோற்றால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது, பதறுவது நியாயம். மேஜர் லீக்கில் 162 ஆட்டம். அதில் ஐந்தில் ஒரு பங்கு கழிவதற்கு மே மாதம் பிறந்துவிடும். 2001-இல் சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டங்களை வென்றது. அப்பேர்ப்பட்ட அணியும் 46 முறை தோற்றுத்தான் இருக்கிறது. மூன்று நாள் தோல்வியைப் பார்த்து மேனேஜரை மாற்று என்று யாராவது கத்தினால், அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம், மே மாதம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

2. ஜெயித்தது சரி, யாரை ஜெயித்தது என்று கேளுங்கள்.

2023-இல் டாம்பா பே ரேஸ் அணி முதல் 13 ஆட்டங்களையும் வென்றது. 1982-இல் அட்லாண்டாவும் 1987-இல் மில்வாக்கியும் தொட்ட அதே கணக்கு. ஊரே அந்த அணிக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டது. அந்த 13 ஆட்டங்கள் யாரோடு? டெட்ராய்ட், வாஷிங்டன், ஓக்லாந்து, பாஸ்டன். இந்த நான்கு அணிகளும் அந்த சீசனை வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகவே முடித்தன. ஓக்லாந்து மட்டும் 112 ஆட்டம் தோற்றது. ஏப்ரலில் இந்தக் கணக்கு முழுதாகத் தெரியாதுதான். ஆனாலும் ஓக்லாந்து தேறாத அணி என்பது அப்போதே எல்லோருக்கும் தெரியும்.

அதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிக்கவில்லை. 13-ஆவது வெற்றி வந்த அதே ஆட்டத்தில் ஜெஃப்ரி ஸ்பிரிங்ஸ் என்ற இடக்கை பிட்சர் கையில் கோளாறு கண்டு பாதியில் வெளியேறினார். பிறகு முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை. சீசன் அத்தோடு முடிந்தது. மே மாதம் டிரூ ராஸ்முசன் போனார், ஆகஸ்டில் ஷேன் மெக்லனஹன் போனார். ரேஸ் 99 ஆட்டம் வென்றும் டிவிஷனை 101 வெற்றி பெற்ற பால்டிமோரிடம் விட்டது. வைல்டு கார்டு சுற்றில் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் வந்து சொந்த மைதானத்திலேயே இரண்டு ஆட்டத்தில் அனுப்பிவைத்தது. இரண்டிலும் சேர்த்து ரேஸ் எடுத்தது ஒரே ரன். ஓர் அணி வரிசையாக ஜெயிக்கும்போது ஸ்கோரைப் பார்த்த கையோடு காயப் பட்டியலையும் பாருங்கள். பிட்சர்களின் முழங்கை ஒரு சீசனையே புரட்டிப் போட்டுவிடும்.

3. கண்ணைப் பறிக்கும் ஒரு நாளை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

2025 மார்ச் 29, யாங்கி ஸ்டேடியம். முந்தைய வருஷம் வரை யாங்கீஸுக்காகவே வீசிக்கொண்டிருந்த நெஸ்டர் கோர்டெஸ், இப்போது மில்வாக்கி ப்ரூவர்ஸ் சட்டையில் பந்து வீசும் மேட்டில் நிற்கிறார். முதல் பந்து, பால் கோல்ட்ஷ்மிட், ஹோம் ரன். இரண்டாவது பந்து, கோடி பெலிஞ்சர், ஹோம் ரன். மூன்றாவது பந்து, ஆரன் ஜட்ஜ், அதுவும் ஹோம் ரன். மூன்றே பந்து, மூன்று ரன். அன்று யாங்கீஸ் ஒன்பது ஹோம் ரன் அடித்து 20-9 என்று வென்றது. பந்தை அடிக்கும் பகுதி பருத்து நுனி ஒடுங்கிய டார்பிடோ மட்டையைப் பற்றித்தான் அதன்பின் ஒரு வாரம் பேச்சு. அன்று மூன்று ஹோம் ரன் அடித்த ஜட்ஜ் பிடித்திருந்தது என்னவோ வழக்கமான மட்டை.

ப்ரூவர்ஸ் முதல் நான்கு ஆட்டங்களையும் தோற்றது. எடுத்தது 15 ரன், கொடுத்தது 47. இந்த அணி கடைசி இடத்துக்குத்தான் லாயக்கு என்று பேசினார்கள். அந்த சமயத்தில் பிட்சர்கள் பலர் காயத்தில் படுத்திருந்ததை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஏப்ரல் முதல் வாரத்திலேயே பாஸ்டனிலிருந்து குவின் ப்ரீஸ்டரை வாங்கினார்கள். தோள் அறுவை சிகிச்சைக்குப் பின் பிராண்டன் உட்ரஃப் ஜூலையில் திரும்பி வந்தார். சீசன் முடிந்தபோது ப்ரூவர்ஸுக்கு 97 வெற்றி. அந்த வருஷம் முப்பது அணிகளில் அதற்கு மேல் யாரும் வெல்லவில்லை.

4. ரன் கணக்கைக் கூட்டிப் பாருங்கள்.

பில் ஜேம்ஸ் என்பவர் எளிய வாய்ப்பாடு ஒன்று சொல்லியிருக்கிறார். எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டிய தொகையால் வகுங்கள். ஓர் அணி 120 எடுத்து 100 கொடுத்திருந்தால் 0.59 வரும், நூற்றுக்கு 59 ஆட்டம் வெல்லத் தகுந்த அணி என்று அர்த்தம். அந்த அணி நூற்றுக்கு 70 என்ற வேகத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தால், நெருக்கமான ஆட்டங்கள் அதன் பக்கம் சாய்ந்திருக்கின்றன. 2012-இல் பால்டிமோர் ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 29 வென்று 9 மட்டுமே தோற்றது. சீசன் முழுக்க ரன் உபரி வெறும் 7, வெற்றியோ 93. மறுவருஷம் அதே வகை ஆட்டங்களில் 20 வெற்றி, 31 தோல்வி. மொத்தமும் 85-க்கு இறங்கியது.

5. ஏப்ரலில் ஹோம் ரன் அடிப்பவரைத் தலையில் தூக்கி வைக்காதீர்கள்.

1994 சீசனின் முதல் ஆட்டத்தில் சிகாகோ கப்ஸின் டஃபி ரோட்ஸ், டுவைட் கூடன் பந்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார். அந்த வருஷம் அவர் அடித்தது மொத்தமே எட்டு. 2006-இல் டெட்ராய்ட்டின் கிறிஸ் ஷெல்டன் ஏப்ரலில் மட்டும் பத்து; ஜூலை முடியும்போது மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள். சீக்கிரம் தெரிகிற விஷயங்கள் வேறு. ஒருவர் எத்தனை முறை ஸ்டிரைக் அவுட் ஆகிறார், பிட்சரின் வேகப்பந்து போன வருஷத்தைவிட மணிக்கு இரண்டு மைல் குறைந்திருக்கிறதா, இவற்றைப் பாருங்கள். அதிலும் ஏப்ரல் குளிரில் வேகம் கொஞ்சம் குறையத்தான் செய்யும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

6. போன வருஷத்தை இந்த வருஷத்தோடு சேர்த்து எடை போடுங்கள்.

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். தொடக்கம் தனியாக நின்றால் கொஞ்சம்தான் பேசும். முன்பே தெரிந்த சங்கதியோடு அது ஒத்துப்போனால் காது கொடுத்துக் கேளுங்கள். 1984-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் முதல் 40 ஆட்டத்தில் 35 வென்றது. கடைசியில் 104 வெற்றியும் வேர்ல்டு சீரிஸும். முந்தைய வருஷமே 92 வென்ற அணி அது. 1988-இல் பால்டிமோர் முதல் 21 ஆட்டத்தையும் வரிசையாகத் தோற்று, மொத்தம் 107 தோல்வியில் முடித்தது. முந்தைய வருஷமே 95 தோற்ற அணி அது.

2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் 50 ஆட்டத்தில் 31 தோற்றிருந்தபோது நிலைமை வேறு. புல்பென், அதாவது இடையில் வந்து வீசும் பிட்சர் கூட்டம், கந்தலாகக் கிடந்தது. ஆனால் ஆட்டத்தைத் தொடங்கி வைக்க மேக்ஸ் ஷெர்சர், ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க், பேட்ரிக் கார்பின் இருந்தார்கள். மட்டை பிடிக்க ஆந்தனி ரெண்டன், ஹுவான் சோட்டோ இருந்தார்கள். அந்த அணி கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல அன்று காரணம் இல்லை. 93 வெற்றியோடு பிளே ஆஃபுக்குள் நுழைந்து, 106 வென்ற டாட்ஜர்ஸையும் 107 வென்ற ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸையும் சாய்த்துக் கோப்பையை எடுத்தார்கள். வேர்ல்டு சீரிஸில் அவர்கள் வென்ற நான்கு ஆட்டமும் ஹூஸ்டன் மண்ணில்.

7. பிளே ஆஃபுக்குப் போவது ஒரு கேள்வி, அங்கே ஜெயிப்பது இன்னொரு கேள்வி.

2022 முதல் லீக்குக்கு ஆறு என்று 12 அணிகள் போகின்றன. முதல் சுற்று மூன்று ஆட்டம், அடுத்தது ஐந்து. அங்கே 162-இன் நிதானம் கிடையாது. 2023-இல் 104 வென்ற அட்லாண்டா, 101 வென்ற பால்டிமோர், 100 வென்ற டாட்ஜர்ஸ் மூன்றும் டிவிஷன் சீரிஸிலேயே வீடு திரும்பின. 84 மட்டுமே வென்ற அரிசோனா வேர்ல்டு சீரிஸ் ஆடியது. ஏப்ரலில் முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்ல முயலுங்கள். இரண்டாவதற்கு ஆசையைச் சொல்லலாம், தப்பில்லை. ஆசை என்று சொல்லியே சொல்லுங்கள்.

8. எண்ணாகச் சொல்லுங்கள், எழுதி வையுங்கள்.

“நல்லா வருவாங்க” என்பது கணிப்பில் சேராது. “86-இலிருந்து 92 வரை, மூன்றாவது பிட்சர் விழுந்தால் 80” என்று சொல்லிப் பாருங்கள். எதிரே இருப்பவருக்கும் மறுத்துப் பேசப் பிடி கிடைக்கும். தோற்கிற அணியின் ரசிகரைச் சீண்டாதீர்கள். தினமும் அந்த அணியைப் பார்ப்பவர் அவர்தான். ஷார்ட்ஸ்டாப் ஏன் ஒரு காலை இழுத்து ஓடுகிறார் என்பது உங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

9. கருத்தை மாற்ற வேண்டிய நாள் வந்தால் மாற்றுங்கள்.

டொராண்டோவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ப்ளூ ஜேஸ் 2024-இல் 74 மட்டுமே வென்று டிவிஷனில் கடைசி. 2025 மே கடைசியில் யாங்கீஸுக்கு எட்டு ஆட்டம் பின்னால். அப்போது நம்பிக்கை இல்லை என்றவர்களிடம் நியாயம் இருந்தது. ஜூன் முடிந்து ஜூலை பிறக்கும்போது அதே யாங்கீஸை டொராண்டோவில் நான்கு ஆட்டத்திலும் தோற்கடித்தார்கள். ஜூலை 1, கனடா தினத்தன்று ஜார்ஜ் ஸ்பிரிங்கர் ஒருவரே ஏழு ரன்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதற்கப்புறமும் ஏப்ரல் கணிப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், அந்த அணி டிவிஷனை வென்று, வேர்ல்டு சீரிஸ் ஏழாவது ஆட்டத்தின் 11-ஆவது இன்னிங்ஸ் வரை டாட்ஜர்ஸோடு மோதியதைப் பார்க்க நேர்ந்தது. ஏப்ரலில் எழுதி வைத்ததை ஜூலை முதல் வாரம் திறந்து பாருங்கள். மாற்ற வேண்டியதை மாற்றி, பக்கத்தில் தேதியையும் காரணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.