அட்டையில் மிச்சம் பிடிக்கலாம், பின்தடுப்பில் கூடாது

ஏர் ரைபிள் பழகவரும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது செலவைப் பற்றித்தான். துப்பாக்கி ஒருமுறை வாங்குவது. பெல்லட்டும் டார்கெட் அட்டையும் நாள்தோறும் தீர்பவை. பெல்லட்டை வீட்டில் செய்ய முடியாது. அட்டையைச் செய்யலாம்.

10 மீட்டர் ரைபிள் இலக்கின் கணக்கு எளிது. நடுப்புள்ளி 0.5 மி.மீ.; அங்கிருந்து ஒவ்வொரு வளையத்துக்கும் விட்டம் 5 மி.மீ. கூடும். கடைசி வளையம் 45.5 மி.மீ., கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. கணினியில் வரைந்து, உண்மை அளவிலேயே அச்சிடச் சொல்லுங்கள். கடைக்காரர் தாளுக்குத் தக்கபடி சுருக்கிவிட்டால் நீங்கள் போடும் மதிப்பெண் அத்தனையும் பொய். ஸ்கேல் வைத்து அளந்த பிறகே நகல் எடுங்கள்.

ஜெராக்ஸ் தாள் கிழிந்துபோகும். பெல்லட் எந்த வளையத்தைத் தொட்டது என்று தெரியாது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் மைதாப் பசையால் ஒட்டி, மேலே கனம் வைத்து நன்றாகக் காயவிடுங்கள். தட்டைத்தலை பெல்லட் அதில் வட்டமாக ஓட்டை போடும். பளபளப்பான தாள் மட்டும் வேண்டாம், விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கும்.

அச்சிடாத வெறும் வெள்ளை அட்டையையும் மாட்டிச் சுடச் சொல்வேன். வளையம் இல்லாதபோது பிள்ளை மதிப்பெண்ணை மறந்து, மூச்சையும் விசையையும் கவனிக்கிறது. ஓட்டைகள் நெருங்கி விழுகின்றனவா என்பது மட்டும் போதும். கடலூரில் பிறந்த ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் போட்டியிட்ட ஒலிம்பிக் அரங்குகளில் மின்னணு இலக்குகள்தான். ஆனாலும் தொடக்கப் பயிற்சிக்குத் தாள் எந்த வகையிலும் குறைந்ததல்ல.

இனி, அட்டையைத் துளைத்து வரும் பெல்லட்டை நிறுத்தும் பின்தடுப்பு. இதில் ஒரு ரூபாயும் மிச்சம் பிடிக்காதீர்கள். உறுதியான மரப்பெட்டியில் பழைய செய்தித்தாளை இடைவெளியின்றி இறுக்கி அடுக்கி, அதன் பின்னால் கனமான இரும்புத் தகட்டைப் பொருத்துங்கள். வெறும் சுவரிலோ பலகையிலோ அட்டையை ஒட்டிச் சுட்டால் பெல்லட் திரும்பித் தெறிக்கும். கண்ணாடி அணியாத கண்ணுக்கு அது பெரிய ஆபத்து. ஒரே இடத்தில் அடி விழுந்து தாள் குழிந்துவிடும், அடிக்கடி தாள்கட்டை மாற்றுங்கள். பெட்டிக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ ஆள் நுழையும் கதவு இருக்கக் கூடாது. இருந்தால் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் சுட வேண்டும். இலக்கின் நடு, தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும்.

பெல்லட் ஈயத்தால் ஆனது. பெட்டியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளைகளைச் சாப்பிட உட்கார விடாதீர்கள்.