பால்கிதாபும் கிளிக்கூண்டும்

கிளி ஜோசியம் பார்ப்பவரைக் கண்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது. 2024 பாராளுமன்றத் தேர்தலின்போது, நம் புதுவைக்குப் பக்கத்திலுள்ள கடலூர்த் தொகுதியில் நடந்ததையும் பலர் சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள். வேட்பாளரான திரைப்பட இயக்குநர் தங்கர் பச்சானுக்கு ஒரு கிளி சீட்டெடுத்துக் கொடுத்தது. வெற்றி நிச்சயம் என்றார் ஜோசியர். கிளியைக் கூண்டில் அடைத்தது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமென்று வனத்துறையினர் அவரைக் கைது செய்து எச்சரித்து விட்டார்கள். தேர்தலில் வென்றதோ வேறொருவர்!

சிரிப்பது இருக்கட்டும், நம் வீட்டைச் சற்றுப் பார்ப்போம். பாரிசுக்குப் போன மகனுக்குப் பேப்பர் எப்போது கிடைக்கும், மகளுக்கு ஏன் சம்பந்தம் கூடி வரவில்லை, காணாமற்போன வளையலை எடுத்தது யார் என்றெல்லாம் 'பால்கிதாபு' பார்க்கப் போகும் தாய்மார்கள் நம்மிடையே இல்லையா? அரபு எழுத்தில் இருப்பதால் அது ஜோசியமில்லையாம். கூண்டில்லை, கிளியில்லை, மற்றதெல்லாம் அதுவேதான்.

போய் வந்தவர்கள், "உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்!" என்கிறார்கள். அது எப்படி? 1948இல் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேரைச் சோதித்து, ஒவ்வொருவர் குணத்தையும் தனித்தனியே எழுதித் தருவதாகச் சொன்னார். தந்ததைப் படித்து, எவ்வளவு பொருந்துகிறதென்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. ஆனால் அத்தனை பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே வாசகம். அதுவும் கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கோத்தது! 'எல்லோருக்கும் நல்லது செய்கிறாய், உனக்குத்தான் நன்றி காட்டுவாரில்லை' என்றால் எந்தத் தாய்க்குத்தான் கண் கலங்காது? மீதி விவரத்தையும் நாமே எடுத்துக் கொடுக்கிறோம். "வீட்டில் ஒருவருக்கு மனக்கவலை" என்பார் அவர். "ஆமாம் ஹஜ்ரத், மூத்த மருமகளுக்கு" என்போம். வாசல் தாண்டியதும், மருமகள் விஷயத்தை அவரே சொன்னதாகத்தான் நினைவிருக்கும்.

பலித்தது மனத்தில் நிற்கும், தவறியது மறந்துபோகும். குறிகாரர் சொல்வது சில வேளை உண்மையாகிவிடுகிறதே என்று நபி (ஸல்) அவர்களிடமே மக்கள் கேட்டிருக்கிறார்கள். அந்த ஒரு சொல் ஜின் பறித்து வந்து காதில் போட்டது, அதனுடன் நூற்றுக்கு மேற்பட்ட பொய்களை அவர்கள் கலந்துவிடுகிறார்கள் என்று விளக்கம் கிடைத்தது. அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. கேட்டவர்கள் பிடித்துக்கொண்டது ஒன்றை. நபியவர்கள் எண்ணச் சொன்னது அந்த நூறை.

குறிகாரரிடம் போய்க் கேட்டவரின் 40 இரவுத் தொழுகை ஏற்கப்படாது என்பதும் முஸ்லிமில் உள்ளதே. ஆயினும் தாய்மார்களை ஏசிப் பயனில்லை. அவர்களை அங்கே நடத்திச் செல்வது கவலை. எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதைவிட ஏதோ ஒரு பதில் மேல் என்று தோன்றிவிடுகிறது. அந்தக் கவலைக்குத் துஆ இருக்கிறது. முடிவு செய்ய வேண்டிய காரியத்துக்கு இஸ்திகாரா இருக்கிறது. குர்ஆனின் சூறாவைக் கற்றுத் தருவது போல நபியவர்கள் அதைத் தோழர்களுக்குக் கற்றுத் தந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். கடமையல்லாத இரண்டு ரக்அத் தொழுது, இது நன்மையானால் கூட்டி வை, தீமையானால் திருப்பிவிடு என்று கேட்பது அது. என்ன நடக்கும் என்ற கேள்வியே அதில் இல்லை. கனவு வரும், பச்சை தெரியும் என்பதும் அந்த ஹதீஸில் இல்லை. பாரிசில் தங்குவதா, ஊர் திரும்புவதா என்று முடிவெடுக்க வேண்டியவன் மகனானால், தொழ வேண்டியவனும் அவனே.