மேசை மேல் ஒரு சாலை

போர்களைப் பற்றிப் படிக்கும்போது மன்னர்களையும் தளபதிகளையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்கிறோம். அவர்கள் எந்தச் சாலையில் போனார்கள், அந்தச் சாலை மண்ணா கல்லா என்று கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு மாணவர் ஐவர் சேர்ந்து துறைக் கண்காட்சிக்கு ஒரு மேசைப் போர் விளையாட்டு அமைத்தோம். அதில் சாலை போடும் வேலை என் பங்குக்கு வந்தது. அந்த அனுபவத்தையே இங்கு எழுதுகிறேன்.

மேசைப் போர் விளையாட்டு நம்மில் பலருக்குப் புதிது. சதுரங்கத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். கட்டங்களுக்குப் பதில் மலை, ஆறு, ஊர், சாலை ஆகியவற்றின் மாதிரிகள் இருக்கும். அளவுகோலால் அளந்து படைகளை நகர்த்த வேண்டும். பகடை உருட்டி வெற்றி தோல்வியைத் தீர்க்க வேண்டும். 1812-இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யர் இப்படி ஒரு மேசையைச் செய்து தம் மன்னருக்கு அளித்தார். அதில் படைப்பிரிவுகளைக் குறித்தவை சிறு பீங்கான் துண்டுகள்! பீங்கான் ஊராகிய விருத்தாசலத்தில் பிறந்த எனக்கு இச்செய்தியைப் படித்ததும் ஏற்பட்ட பெருமையை மறைப்பானேன்? அவருடைய மகன் 1824-இல் விதிகளைத் திருத்தி வெளியிட்ட பிறகு, பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் இதைப் பயிற்சியாகவே ஆடினர்.

ஐரோப்பிய வரலாற்றுப் பாடத்தில் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலம் வருவதால், நாங்கள் ஸ்பானிய உள்நாட்டுப் போரில் 1937 மார்ச் மாதம் நடந்த குவாதலஹாரா போரை எடுத்துக்கொண்டோம். முதல் நாளே அட்டையை நீளமாக வெட்டி, கறுப்பு வண்ணம் பூசி, நடுவே வெள்ளைக் கோடு இழுத்து, "சாலை தயார்" என்று கொண்டுபோய் வைத்தேன். பேராசிரியர் குனிந்து பார்த்தார். "தம்பி, இது ஸ்பெயினா, நம்ம கடலூர் ரோடா? இந்த வெள்ளைக் கோட்டை 1937-ல யார் போட்டா?" என்றார். நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. நூலகத்தில் உட்கார்ந்தேன்.

படித்ததில் தெரிந்தது இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர், சிறு ஜல்லியை அடுக்கடுக்காகப் பரப்பி இறுக்கி, நடுவே மேடும் இருபுறம் சரிவும் வைத்துச் சாலை போடும் முறையைப் பரப்பினார். தண்ணீர் தேங்காமல் ஓரப் பள்ளத்துக்கு வடிந்துவிட வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. நம் பெரியவர்கள் கப்பி ரோடு என்பது ஏறக்குறைய இதைத்தான். இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரம் ஜல்லியை நொறுக்கித் தூளாக்கும். அந்தத் தூளே இடுக்குகளில் இறங்கிக் கற்களைப் பிடித்து வைக்கும். ஆகவே மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஒரு வகையில் சாலையைப் பழுது பார்த்துக்கொண்டே போயின. மோட்டார் வந்ததும் கதை மாறிற்று. வேகமாகச் சுழலும் ரப்பர் டயர் அந்தத் தூளை உறிஞ்சிக் காற்றில் வீசியது. பிடிமானம் போய்க் கல் பெயர்ந்தது. தூசியை அடக்கவே தார் வந்தது. தாரும் கல்லும் கலந்த கலவைக்கு இங்கிலாந்தில் ஹூலி என்பவர் 1902-இல் காப்புரிமை பெற்றார்.

ஆனால் தார் ஒரே நாளில் ஐரோப்பா முழுவதும் ஓடிவிடவில்லை. மோட்டாருக்கென்றே தனிச் சாலை இத்தாலியில் மிலான் அருகே 1924-இல் திறக்கப்பட்டது. ஜெர்மனியில் கொலோன்–பான் சாலை 1932-இல். இவை புதுமைகள். ஸ்பெயினில் முக்கியச் சாலைகளுக்கு நல்ல மேற்பரப்பு அமைக்கும் அரசுத் திட்டம் 1926-இல்தான் தொடங்கியது. கிளைச் சாலைகளிலும் கிராமப் பாதைகளிலும் ஜல்லியும் மண்ணும்தான். இங்கும் அதே ஆண்டுகளில்தான் இந்தப் பேச்சு எழுந்தது. ஜெயகர் தலைமையில் 1927-இல் சாலைக் குழு அமைந்தது. 1929-இல் பெட்ரோல் காலனுக்கு 2 அணா கூடுதல் வரி விதித்துச் சாலை நிதி ஏற்படுத்தினர். 1934-இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் பிறந்தது. நான் பூசிய கறுப்பு நிறம், இரு நாட்டுக்குமே பெரும்பாலும் பொய்.

சாலையின் நிறத்துக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். குவாதலஹாரா போரே ஒரு சாலையின் கதை. பிராங்கோவுக்குத் துணையாக வந்த இத்தாலியப் படையினர் ஏறத்தாழ 35,000 பேர், லாரிகளும் சிறு டாங்கிகளுமாக, சரகோசாவிலிருந்து மாட்ரிட் செல்லும் பெருஞ்சாலை வழியே மார்ச் 8-இல் முன்னேறினர். மழையும் பனியும் கொட்டின. வயல்கள் சேறாகிச் சக்கரங்களை விழுங்கின. சாலையை விட்டு இறங்க வழியில்லாமல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவர்களுடைய விமானத் தளங்களும் சேறாகிவிட்டன. மாட்ரிட் பக்கத்துத் தளங்கள் உறுதியாக இருந்ததால் குடியரசு விமானங்கள் வந்து, வரிசையாக நின்ற வண்டிகளைத் தாக்கின. 18-ஆம் தேதி எதிர்த் தாக்குதல், இத்தாலியர் பின்வாங்கினர். (எதிர்ப்பக்கத்திலும் கரிபால்டி பெயரால் ஓர் இத்தாலியத் தொண்டர் படை போரிட்டது, இத்தாலியரை இத்தாலியரே சுட்ட கொடுமை தனிக் கட்டுரைக்கு உரியது.) ஆகவே எங்கள் மேசையில் சாலை என்பது அலங்காரம் அன்று. சாலையில் லாரி 30 சென்டிமீட்டர் நகரலாம், சேற்றில் 5 என்று விதி வைத்தோம்.

அடுத்தது அகலம். எங்கள் லாரிகள் மரத்தில் செய்தவை, எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அகலம் 3 சென்டிமீட்டர். ஆறு மீட்டர் சாலையை அதே கணக்கில் செய்தால் 8 சென்டிமீட்டருக்கு மேல் வரும். ஆனால் மேசையின் நிலமோ பல மைல்களைச் சுருக்கியது. நிலக் கணக்கைப் பார்த்தால் சாலை நூல் அளவுதான் இருக்க வேண்டும். படைக்கு ஓர் அளவு, நிலத்துக்கு ஓர் அளவு. இரண்டையும் திருப்தி செய்ய முடியாது. எதிரெதிரே இரண்டு லாரிகள் உரசாமல் உரசிப் போகும்படி 6 சென்டிமீட்டர் என்று முடிவு செய்தோம்.

நம் ஊர்க்காரனுக்குக் களிமண் இருக்க அட்டை எதற்கு? பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் கெஞ்சி மண் வாங்கி, 6 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டிச் சூளையில் சுட்டு எடுத்தேன். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும் என்பது இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். எனக்கு அன்று மறந்துவிட்டது! பத்தில் ஒரு பங்கு சுருங்கி 5.4 சென்டிமீட்டராக வந்தது. இரண்டு லாரிகள் ஒதுங்க முடியவில்லை. போதாக்குறைக்குப் பட்டைகள் நெளிந்து, ஒன்றின் முனை மற்றொன்றோடு பொருந்தவில்லை. "நெரிசல் வரத்தானே வேண்டும், அப்படியே வைத்துவிடலாம்" என்றான் ஒரு நண்பன். நான் ஒப்பவில்லை. நெரிசலை மழை உண்டாக்க வேண்டும். என் கணக்குப் பிழை உண்டாக்கக் கூடாது.

வெட்டும்போதே 6.7 சென்டிமீட்டர் வைத்து மறுபடி சுடலாம்தான். நெளிவுக்கு மருந்தில்லை. கடைசியில் உடைந்த பட்டைகளை உரலில் இடித்துச் சலித்தேன். கெட்டி அட்டையின் நடுவில் ஒரு தாள் கூடுதலாக ஒட்டி மேடாக்கி, பசை தடவி, அந்தச் சுட்ட மண் தூளைத் தூவி அழுத்தினேன். பெருஞ்சாலைக்கு மங்கிய சாம்பல் நிறம், ஓரம் மட்டும் சிதைவாக. பிரிஹ்வேகா ஊருக்குப் பிரியும் கிளைச் சாலைக்கு வெளுத்த சுண்ணாம்புக் கல் நிறம். அது சுண்ணாம்புப் பாறை மிகுந்த மேட்டுநிலம். வண்டித் தடத்தை ஈரம் காயுமுன் பழைய கடிகாரச் சக்கரத்தை உருட்டிப் பதித்தேன். இருபுறமும் பள்ளம், கிளை பிரியும் இடத்தில் ஒரு மதகு.

வீட்டுத் திண்ணையில் அதைக் காயவைத்திருந்தபோது எங்கள் ஆயா வந்து பார்த்தார். இளம் வயதில் அவர் ரோட்டோரம் உட்கார்ந்து சுத்தியலால் ஜல்லி உடைத்தவர். இடது கையின் கட்டைவிரல் நகம் இன்றும் கோணல்தான். "ரோடு நல்லாத்தான் இருக்குது. ஓரத்துல ஜல்லி எங்கடா? ஜல்லிக் குவியல் இல்லாம கப்பி ரோடு ஏது?" என்று கேட்டார். பெட்டி வைத்து அளந்து, பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பார்களாம். அளக்க வரும் ஆள் பெட்டியைக் குலுக்கிக் குலுக்கி நிரப்புவானாம். குலுக்கினால் ஜல்லி இறங்கும், கூலியும் இறங்கும்.

ஸ்பெயினில் இது உண்டா என்று தேடினேன். உண்டு. அங்கே சாலைக்கென்றே நியமிக்கப்பட்ட பணியாளர்கள் இருந்தார்கள். சாலையோரத்திலேயே அவர்களுக்குச் சிறு வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிரான்சில் கூர்பே என்ற ஓவியர் 1849-இல் கல் உடைக்கும் இருவரையே பெரிய ஓவியமாகத் தீட்டியிருக்கிறார். தளபதிகளைப் பற்றி நான் படித்த பக்கங்களில் இந்த ஆட்கள் ஒருவரும் தட்டுப்படவில்லை. சாலையோரம் ஒரு சிறு வீடும், ஏழு ஜல்லிக் குவியல்களும் வைத்தேன். குவியல்களை ஆயாவே கிள்ளிக் கிள்ளி வைத்துக் கொடுத்தார்.

கண்காட்சியன்று ஆட்டத்தில், எங்கள் குடியரசு அணி ஒரு குவியலின் பின்னால் இயந்திரத் துப்பாக்கியை மறைத்து வைத்து மூன்று லாரிகளை நிறுத்திவிட்டது. பேராசிரியர் வெள்ளைக் கோட்டைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஆயாவையும் அழைத்து வந்திருந்தேன். மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். யார் ஜெயித்தது என்று கேட்கவில்லை. "இந்த ஜல்லிக்கு அளவு போட்டாச்சா?" என்றுதான் கேட்டார்.