ஆர்.சி. ஒருவர் பெயரில், புல்லட் இன்னொருவர் கையில்

கேள்வி: கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். டூரிஸ்ட் விசாவில் சென்னை வந்து, புரோக்கர் மூலம் 1,10,000 ரூபாய்க்கு ஒரு பழைய புல்லட் 350 வாங்கியிருக்கிறேன். ஆர்.சி. பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்காக அவர் கையெழுத்துப் போட்ட ஃபாரம் 29, ஃபாரம் 30 இரண்டும் என்னிடம் உள்ளன. லடாக் வரை ஓட்டிவிட்டு, டெல்லி கரோல்பாக்கில் விற்றுவிட்டு ஊர் திரும்பத் திட்டம். சென்னையில் இருக்கும் சித்தி மகன், “இது வம்பு” என்கிறார். அப்படியா?

பதில்: சித்தி மகன் சொல்வதில் பாதி உண்மை. வெளிநாட்டவர் இந்தியாவில் பைக் வாங்கக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கும் இல்லை. கரோல்பாக்கில் புல்லட் வாங்கி, மணாலி, லே என்று சுற்றிவிட்டு அதே கடையில் தள்ளிவிட்டுப் போகும் வெள்ளைக்காரர்கள் பல வருடங்களாக வருகிறார்கள். திருவொற்றியூரில் 1955 முதல் தயாரான வண்டியை வடக்கே கொண்டுபோய் விற்க ஒரு தமிழருக்குத் தடை இருக்க முடியாது. வம்பு, வாசகர் பத்திரமாக வைத்திருக்கும் அந்த இரண்டு ஃபாரத்தில் இருக்கிறது.

பணம் கொடுத்து, சாவி வாங்கியதும் வண்டி வாங்கியவருக்குச் சொந்தம். இது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் கணக்கு. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் ஆர்.சி.யைத்தான் பார்க்கும். அதன் 2(30)-வது பிரிவுப்படி, பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே ஓனர். தவணையில் வாங்கிய வண்டி போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவை இங்கே பொருந்தா. ஆக, ஒரே புல்லட்டுக்கு இப்போது இரண்டு ஓனர்கள்.

இந்த இரட்டை நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தந்த தீர்ப்பு நல்ல உதாரணம். ஒருவர் 2007-இல் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் வேறொருவருக்கு விற்றார். யாருமே பெயர் மாற்றவில்லை. 2009-இல் அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் இறந்தான். இழப்பீட்டுப் பொறுப்பு யாருக்கு? இரண்டு வருடமாக அந்தக் காரைக் கண்ணாலும் பார்க்காத முதல் ஓனருக்கே என்றது நீதிமன்றம். கை மாறிய காரைத் தேடிக்கொண்டு, விபத்தில் அடிபட்ட குடும்பம் அலைய முடியாது என்பதுதான் காரணம்.

அப்படியானால் ஆர்.சி.யில் பெயர் இல்லாமல் இருப்பது வாசகருக்கு லாபம்தானே என்று தோன்றும். இல்லை. ஓட்டும்போது விபத்து நடந்தால் எஃப்.ஐ.ஆர். ஓட்டியவர் பெயரில்தான் வரும். மணாலியில் வண்டி திருடு போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பாலிசியில் உள்ள பெயரைத்தான் பார்க்கும். வாசகர் கொடுத்த 1,10,000 ரூபாய் அதன் கணக்கிலேயே வராது. ஓனரே ஓட்டினால் கிடைக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் பதிவு பெற்ற ஓனருக்கு மட்டுமே. லடாக் மலைப்பாதையில் கால் முறிந்தால் கைச்செலவுதான்.

லைசென்ஸையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. ஒன்டாரியோவில் ‘ஜி’ வகுப்பு காருக்கு, ‘எம்’ வகுப்பு பைக்குக்கு. ‘ஜி’ மட்டும் வைத்திருப்பவர் எடுக்கும் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட்டில் பைக்குக்கான ‘ஏ’ கட்டத்தில் முத்திரை இருக்காது. அந்த முத்திரை இல்லாமல் புல்லட் ஓட்டினால் சட்டப்படி லைசென்ஸே இல்லாமல் ஓட்டியது போலத்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் கோர்ட்டில் முதலில் கேட்கப்போகும் கேள்வியும் இதுவே.

எனவே லே போகும் முன்பே பெயரை மாற்றிவிட வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50-வது பிரிவு. வாங்கியவருக்கு 30 நாள். சேஸ் நம்பரின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சை விண்ணப்பத்தில் ஒட்டச் சொல்வார்கள். புரோக்கர் தேய்த்துக் கொண்டுவந்த தாளை வாங்கி ஒட்டாமல், வாசகரே குனிந்து தேய்த்துப் பார்க்கட்டும். ஆர்.சி.யில் உள்ள எண்ணும் இரும்பில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்பது அப்போது தெரிந்துவிடும். மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பழைய இ-சலான், பேங்க் கடன் இரண்டும் தெரியும். கடன் முடிந்தும் ஆர்.சி.யில் பேங்க் பெயர் நின்றால், ஃபாரம் 35 இல்லாமல் அந்தப் பெயர் நீங்காது.

வெளிநாட்டவர் இடறி நிற்பது முகவரிச் சான்றில். கனடா பாஸ்போர்ட் இங்கே உதவாது. வாடகை ஒப்பந்தம், வெளிநாட்டவர் தங்கியிருப்பதைத் தெரிவித்து வீட்டார் தாக்கல் செய்த படிவம், பிரமாணப் பத்திரம் என்று அலுவலகத்துக்கு அலுவலகம் கேட்கும் காகிதம் வேறுபடும். இதற்குப் பயந்துதான் பலர் உறவினர் பெயரில் மாற்றிக்கொள்கிறார்கள்.  ஆனால் சித்தி மகன் பெயருக்கு ஆர்.சி. வந்தால் மேலே சொன்ன 2018 தீர்ப்பும் அவர் வீட்டு வாசலுக்கு வரும். அதை அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு, பாலிசியையும் அவர் பெயருக்கு மாற்றிக்கொள்வதே முறை. மூன்றாம் நபர் காப்பீடு 157-வது பிரிவின்படி வண்டியோடு தானாகவே போய்விடும். வண்டிச் சேதத்துக்கும் திருட்டுக்குமான பகுதி அப்படிப் போகாது. கம்பெனியில் எழுதிக் கொடுத்து மாற்ற வேண்டும்.

கரோல்பாக் திட்டம் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு நம்பர் வண்டியை டெல்லிக்காரர் பெயருக்கு மாற்ற, பதிவு செய்த சென்னை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஃபாரம் 28 கொடுத்து, தடையில்லாச் சான்றிதழ் (என்.ஓ.சி.) வாங்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல அலுவலகத்துக்குச் சட்டம் 30 நாள் அவகாசம் தருகிறது. விமானத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது டெல்லிக் கடைக்காரர் இதைத்தான் பிடித்துக்கொண்டு விலையை அடிப்பார். டெல்லியில் புதிதாகக் கட்ட வேண்டிய சாலை வரியையும் அதில் கழிப்பார்.

இதைவிட எளிய வழி ரயில். டெல்லியில் பெட்ரோலைக் கடைசிச் சொட்டு வரை வடித்துவிட்டு, சாக்குத் துணி சுற்றி, ஆர்.சி. நகலோடு பார்சல் ஆபீஸில் போட்டால் புல்லட் சென்னைக்கு வந்துவிடும். இங்கே சொந்த ஆர்.டி.ஓ.வின் எல்லைக்குள் விற்றால் என்.ஓ.சி.யே வேண்டாம்.

விற்கும் நாளில் தேதியோடு மணியும் குறித்த டெலிவரி நோட் வேண்டும்; காலையில் விற்ற வண்டி மாலையில் மோதுவதும் உண்டு. அதோடு வாங்குபவரின் அடையாள அட்டை நகலும் வேண்டும். வெறும் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. பழைய ஓனர் வாசகரை நம்பிச் செய்த அதே தவறை வாசகர் அடுத்தவரை நம்பிச் செய்வதாகிவிடும். கடையில் விற்பதானால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற டீலராகப் பார்க்கலாம். வண்டியை அவரிடம் ஒப்படைத்ததைத் தெரிவிக்கும் ஃபாரம் 29சி பதிவானதும், வண்டி அவர் கையில் இருக்கும்வரை பொறுப்பும் அவருடையது. பெயர் மாற்றத்துக்கான ஓ.டி.பி. ஆர்.சி.யோடு இணைந்த செல்போனுக்குத்தான் வரும். டூரிஸ்ட் சிம்மைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினால் அந்த எண்ணுக்கு ஆள் இருக்காது.

இனி பணம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த ஒரு பைக்கை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கத்தான் வருமான வரிச் சட்டம் தடை போடுகிறது; இந்த விலைக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் நாட்டை விட்டு வெளியேறும் பயணி கையில் எடுத்துப்போகக்கூடிய இந்திய ரூபாய் 25,000 மட்டுமே. மீதியை டாலராக மாற்றப் போனால், வந்தபோது டாலரை ரூபாயாக்கியதற்கான சான்றிதழைக் கேட்பார்கள். ஆகவே மீனம்பாக்கத்தில் இறங்கிய அன்று வாங்கிய அந்தச் சீட்டை, பெட்டியின் எந்த மூலையில் இருந்தாலும் வாசகர் இப்போதே தேடி எடுத்து ஆர்.சி.யோடு சேர்த்து வைக்கட்டும்.